ஆளைப் பார்த்துக் கேட்கும் படிவம்

படிவத்துக்கு ஏற்றபடி மனிதன் வளைந்துகொடுத்த இருண்ட காலம் முடிந்து, மனிதனுக்கு ஏற்றபடி படிவம் வளைந்துகொடுக்கும் பொற்காலம் 2007ஆம் ஆண்டு தெஹியோவிட்ட நகரில், பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள ஒரு சிறிய கட்டடத்தில் பிறந்தது. கொழும்புக்கு இன்னும் இந்தச் செய்தி எட்டவில்லை. அது கொழும்பின் துரதிர்ஷ்டம்.

பொற்காலத்தைப் பெற்றெடுத்தவர் கஜேந்திரன். பக்கத்து இறப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கேகாலையில் கம்பியூட்டர் படித்து, 'இடர் நிவாரணத் தகவல் நிலைய'த்தின் பொறுப்பதிகாரியாக உயர்ந்தவர். அவருடைய இணையப் படிவத்தில் முன்கூட்டியே எழுதிவைத்த கேள்விகள் கிடையா. ஒருவர் சொல்லும் பதிலைப் பார்த்து, அடுத்த கேள்விக்கான கட்டத்தை அது அந்த நிமிடமே உண்டாக்கும். வேண்டாததை மூடிவிடும்.

"இது ஆளப் பாத்துக் கேக்குற படிவம்" என்று திறப்பு விழாவில் அவர் அறிவித்தார். மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கூரை ஒழுகியதால், மற்றவர்களின் கைகள் தலைமேல் இருந்தன.

முதல் விண்ணப்பதாரி விஜயகலா. அதே தோட்டத்தில் இறப்பர் மரங்களில் பால் வெட்டுகிறவள். காற்று அவள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவின் கூரைத் தகரத்தைப் பிடுங்கி ஓடையில் போட்டுவிட்டது. மழை பெய்தால் பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைக்கிறாள்.

"தம்பி, கூரத் தகரத்துக்கு எழுதணும்."

கஜேந்திரனுக்கு 'சார்' என்றால்தான் காது கேட்கும். இருந்தாலும் பெருந்தன்மையோடு மன்னித்தார்.

"நீங்க ஒண்ணும் எழுத வேணாங்க்கா. சொன்னாப் போதும். குடியிருக்கிறது யாரு?"

"நானும் புள்ளைங்களும்."

அவர் தட்டினார். 'எத்தனை பிள்ளைகள்?' என்று ஒரு கட்டம் பிறந்தது. மூன்று என்றாள். உடனே மூன்று பிள்ளைகளுக்கும் தனித்தனியாகப் பெயர், வயது, பாடசாலை, தடுப்பூசி என்று திரை நிறைந்தது. கஜேந்திரனுக்குப் புல்லரித்தது.

"பாத்தீங்களா? ரெண்டுன்னு சொல்லியிருந்தா மூணாவது வந்திருக்காது."

"அது எப்படித் தம்பி, வயித்துல இருந்தது வராமப் போகும்?"

"ஹரி ஹரி" என்று சிங்களத்தில் 'சரி' போட்டார். "வீடு யாருக்குச் சொந்தம்?"

"கம்பெனிக்கு."

பிள்ளைகள் மூவரும் திரையிலிருந்து மறைந்தார்கள். 'உரிமையாளர் விண்ணப்பிக்கவும்' என்ற ஒரு வரி மட்டும் மிஞ்சியது.

"புள்ளைங்க எங்க தம்பி?"

"வேண்டாதத அதுவே மூடிடுங்க்கா. நீங்க தொரைகிட்டச் சொல்லி அவங்களக் கேக்கச் சொல்லுங்க."

விஜயகலா வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்தாள். கம்பெனிக்காகத் தோட்டத்தை நடத்தும் துரை நல்ல மனுஷர். கிளாக்கரை அனுப்பிவைத்தார். 'இந்தக் கூரையின்கீழ் வசிக்கிறீர்களா?' என்று படிவம் கேட்டது. கிளாக்கர் நேர்மையாக 'இல்லை' என்றார். எல்லாக் கட்டங்களும் மூடிக்கொண்டன. 'வசிப்பவர் விண்ணப்பிக்கவும்.'

அவள் திரும்பவும் வந்தாள்.

"நான்தானே தம்பி வசிக்கிறேன்."

"சொந்தமில்லியேக்கா."

"அப்ப ரெண்டு பேரையும் சேத்துக் கேக்கச் சொல்லுங்க."

"அதுக்கும் ஒரு கட்டம் வச்சிருக்கேன். சொந்தக்காரர் அங்க குடியிருந்தா அது தெறக்கும்."

மழை பிடித்துக்கொண்டது. கடைசிப் பிள்ளைக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. விஜயகலாவுக்குப் பயம் வந்துவிட்டது.

கஜேந்திரனும் சும்மா இருக்கவில்லை. படிவத்தில் பிழை இருக்குமோ என்று சோதிக்க, கைக்கெட்டிய ஒரு கூரையைப் பதிந்து பார்த்தார். சொந்தம் யாருக்கு? நிலையத்துக்கு. உள்ளே இருப்பது? நிலையத்தின் கம்பியூட்டர். பதில்கள் கச்சிதமாகப் பொருந்தின. 'அங்கீகரிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது. அந்தக் கிழமையே தகரம் ஏற்றிய லொறியும் வந்தது.

அடுத்த தடவை விஜயகலா இருமுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தபோது, புதுத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. அவள் கொஞ்ச நேரம் மேலே பார்த்தாள்.

"இது யாருக்கு வந்த தகரம்?"

"இது வேற விண்ணப்பங்க்கா. படிவத்துல பிழையில்லன்னு நிரூபிச்சாச்சு."

"குடியிருக்கிறது யாருன்னு போட்டீங்க?"

"கம்பியூட்டர்."

"அதுக்குப் புள்ளைங்க எத்தனன்னு போட்டீங்க, சார்?"

முதல்தடவையாக அவள் 'சார்' என்றாள். கஜேந்திரனுக்கு அது ஏனோ இனிக்கவில்லை. ஆனால் பொய் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"அந்தக் கட்டம் அதுக்குத் தெறக்கவே இல்லக்கா."

விஜயகலா ஈரச் சாக்கைப் பிள்ளையின் தலைமேல் இழுத்துவிட்டுப் படியிறங்கினாள்.

"நீங்க சொன்னது சரிதான் சார். ஆளப் பாத்துத்தான் கேக்குது."