மேற்படிப்பு நர்ஸுகளும் ஒரு டம்ளர் தண்ணீரும்

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

இங்கு அனைவரும் சுகம். உங்கள் முழங்கால் தேவலையாகி, மாடி ஏறி இறங்குகிறீர்கள் என்று நம்புகிறேன். நிற்க, உங்கள் தங்கையைப் பற்றி ஒரு புகார்.

நர்சிங் மேற்படிப்பு மாணவர்களுக்கு அவள் இந்த வருடம் பெண்ணியப் பார்வை என்று ஒரு பாடத்தைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறாள். "ஊசி போடக் கத்துக்கொடுத்தாப் போதாதா?" என்று கேட்டேன். "ஊசி போடறவளை யாரு மதிக்கறாங்கன்னும் தெரிஞ்சுக்கணும்" என்றாள். கல்லூரியில் முணுமுணுப்பு கிளம்பி, பாடத்தைத் தொடரலாமா என்று பார்க்கத் தலைமை மருத்துவரும் முதல்வர் அம்மாவும் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கென்று இவளுக்குக் கால் சுளுக்கு. கைத்தாங்கலாகக் கொண்டுவிடப் போன நான் கடைசி பெஞ்சில் மாட்டிக்கொண்டேன். "வாயத் திறக்காம உக்காருங்க" என்று எனக்கு மட்டும் தனி உத்தரவு வேறு.

வகுப்பில் ஒரே ஒரு ஆண், தாடிக்காரர். அவர் எழுந்து, "மேடம், வார்டுல என்னை எல்லாரும் டாக்டர்னு கூப்பிடறாங்க. எனக்கு வேலை கத்துக்கொடுத்த இந்த அக்காவை 'ஏம்மா'ங்கறாங்க. நானும் திருத்தல. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்திலிருந்த அந்த அக்கா சிரிக்கவில்லை. "ஒரு அம்மாவுக்கு மூச்சுத் திணறுதுன்னு நான் சொன்னப்போ யாரும் திரும்பல. அதையே இவன் போய்ச் சொன்னதும் ஓடி வந்தாங்க. அந்தம்மா பொழைச்சுட்டாங்க. ஆனா நடுவுல வீணாப் போனது அவங்க உயிருக்குப் போராடின நேரம்" என்றாள்.

தலைமை மருத்துவருக்குத் தொண்டை வறண்டிருக்க வேண்டும். அந்த அக்காவைப் பார்த்து, "ஏம்மா, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றார். தாடிக்காரர் துள்ளி எழுந்தார். "நீ உக்காருப்பா, அந்தப் பொண்ணு போகட்டும்!" என்று மருத்துவர் அதட்டினார். ஒருத்தரும் அசையவில்லை. முதல்வர் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உங்கள் தங்கை சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கு மேல நான் விளக்க வேண்டியதில்ல" என்றாள்.

அவ்வளவுதான். வகுப்பறை ஒதுக்க வசதியில்லை என்று பாடத்தை நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த வயதில் எதற்கு இந்த வம்பு? ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து, அண்ணன் என்ற முறையில் "போதும், விடு" என்று நாலு வார்த்தை கண்டித்துச் சொல்லுங்கள். நான் சொன்னால் எடுபடாது.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி.

பிரியமுள்ள,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். தாடிக்காரர், அந்த அக்கா, பின்னால் இன்னும் சிலர். "மேடம், பாடம் பாதியில நிக்குது" என்றார்கள். "நம்ம ஹால் சும்மாத்தானே கெடக்கு" என்று சொன்னது நான்தான். இனி ஞாயிறுதோறும் வகுப்பு இங்கேதான், சோபாவைக்கூட வெளியேற்றியாயிற்று. ஆகவே கண்டிக்க வர வேண்டாம். பாடம் கேட்க வருவதானால் வாருங்கள். நாற்காலி மட்டும் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.