தோற்பதற்கென்றே ஒரு தீம் பார்க்

எல்லாரும் ஜெயிக்கத் திட்டம் போடுவார்கள். நம்ம லிஃப்ட் மெக்கானிக் தோற்கத் திட்டம் போட்டார். அதுவும் சாதாரணத் தோல்வி இல்லை. பெண்டாட்டி பார்த்துப் பதறிப்போய், "ஐயோ பாவம், இந்த மனுஷன்கிட்ட இனிமே ஒரு பொறுப்பும் குடுக்கக் கூடாது" என்று முடிவு கட்டுகிற மாதிரி ஒரு படுதோல்வி.

காரணம் இருக்கிறது. அவர் மனைவி ஒரு டெலிபோன் கம்பெனியில் புகார் கேட்கிற பிரிவில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க யார் யாரோ போனில் காட்டுக் கத்தல் கத்துவார்கள். இவள் குரலை உயர்த்தாமல் "அப்புறம் சொல்லுங்க சார்" என்பாள். கத்தியவன் கடைசியில் தானே மன்னிப்புக் கேட்டுவிட்டு வைப்பான். அந்தப் பிரிவுக்கே அவளைத் தலைவியாக்குகிறார்கள். ஆனால் விடிகாலை ஷிஃப்ட். அவள் போய்விட்டால், காலையில் பம்பரத்தைக் கிளப்பிப் பள்ளிக்கூட வேனில் ஏற்றுகிற வேலை மெக்கானிக் தலையில்.

பம்பரம் அவர்களுடைய ஒரே மகள். மூன்றாம் வகுப்பு. கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏ.டி.எச்.டி. இருக்கிறது. "இது சேட்டை இல்ல. அவ வேணும்னு பண்றதில்ல. திட்டாதீங்க, கூடவே ஓடுங்க" என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இதுவரை கூடவே ஓடுகிறவள் அம்மாதான். ஒரு காலில் சாக்ஸ் ஏறியதும் எறும்பு எங்கே தூங்கும் என்று மகளுக்குச் சந்தேகம் வந்துவிடும். இன்னொரு சாக்ஸ் ஜன்னல் கம்பியில் தொங்கும். மெக்கானிக் அந்நேரம் போர்வைக்குள் இருப்பார்.

"திங்கக்கிழமை நான் பதில் சொல்லணுங்க," என்றாள் மனைவி.

"எனக்கென்னம்மா ஆட்சேபனை? என்னால சமாளிக்க முடியுமான்னுதான் யோசிக்கறேன்."

"முயற்சி பண்ணிப் பாருங்களேன்."

"பண்ணிடுவோம்! ஞாயித்துக்கிழமை அவள தீம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறேன். நான் மட்டும். அங்க சமாளிச்சுட்டேன்னா காலை நேரமெல்லாம் எனக்கு ஜுஜுபி."

"நீங்க மட்டுமா?"

"நான் மட்டும்."

"சரிங்க."

அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதுதான் அவர் மண்டையைக் குடைந்தது. நியாயமாக அவள் சண்டை போட்டிருக்க வேண்டும். ஏன் போடவில்லை? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிற வரை யோசித்தார். பிடிபடவில்லை.

பார்க்கில் கூட்டம் தாங்கவில்லை. ராட்டினத்துக்கு வரிசை வளைந்து வளைந்து போயிற்று. மெக்கானிக்குக்கு உள்ளூரக் கொண்டாட்டம். இவ்வளவு நேரம் இவள் நிற்கவே மாட்டாள். அழுவாள். தானும் கொஞ்சம் அழலாம். மத்தியானமே வீட்டுக்குப் போய்க் கையை விரித்துவிடலாம்.

பம்பரம் வரிசைப் பக்கமே போகவில்லை. விறுவிறுவென்று கவுன்ட்டருக்குப் போனாள்.

"ஆன்ட்டி, எனக்கு ஏ.டி.எச்.டி. வரிசையில நிக்கறது ரொம்பக் கஷ்டம். சுத்திட்டு எங்க முறைக்கு வரலாமா?"

"தாராளமா வாடா செல்லம்," என்று அந்தப் பெண் அவள் கையில் ஒரு பச்சைப் பட்டையைக் கட்டிவிட்டாள்.

மெக்கானிக் வாயைப் பிளந்தார். "இதெல்லாம் உனக்கு யாருடி சொல்லிக் குடுத்தா?"

"அம்மா. வேணுங்கறத வாயத் தொறந்து கேட்டுடணும்னாங்க. நீங்க கேக்க மாட்டீங்களாப்பா?"

அவர் பேச்சை மாற்றினார்.

முறை வரும்வரை சுற்றினார்கள். சுற்றினார்கள் என்றால், அவள் சுற்றினாள், இவர் மூச்சு வாங்கினார். நடுவில் சட்டென்று நின்று ராட்டினத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏம்ப்பா, மேல போறப்போ எல்லாரும் கம்முனு இருக்காங்க. உச்சியில நிக்கறப்போதான் கத்தறாங்க. இன்னும் விழவே இல்லையே, ஏன் கத்தறாங்க?"

அடடே என்றிருந்தது அவருக்கு. பிழைப்பே மேலே போய்க் கீழே வருவதுதான். ஒரு நாளாவது இப்படி யோசித்திருப்பாரா? திட்டத்தை மறந்து அவரும் அண்ணாந்தார். அப்பனும் மகளும் கத்துகிற முகங்களாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவளோடு காலையில் இருந்தால் இப்படித்தான் இருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே போர்வை ஞாபகமும் வந்தது.

முறை வந்து ராட்டினம் ஏறி இறங்கியதும், அடுத்து ஒரு கோபுரம். ஆட்களை உட்கார வைத்து உச்சிக்கு இழுத்துப் பொத்தென்று கீழே விடுகிற கோபுரம். அதைப் பார்த்ததும் மெக்கானிக்குக்குக் கை பரபரத்தது. எதில் இழுக்கிறான்? இவ்வளவு வேகத்தில் விழுகிறதை எது பிடித்து நிறுத்துகிறது?

"இங்கயே நில்லு கண்ணு. இதோ வந்துட்டேன்."

பையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கோபுரத்துக்குப் பின்னால் போனார். அங்கே கிரீஸ் கையோடு ஒருவர் நின்றிருந்தார். தொழில் பேச்சு ஆரம்பித்தது. பல்லிருக்கிற சக்கரம் வந்தது, இரும்புக் கயிறு வந்தது, காந்தத்தாலேயே பிடிக்கிற பிரேக் வந்தது. "வாங்க, உள்ள வந்து பாருங்க" என்றார் அந்த மனிதர். கேட்கவா வேண்டும்? உள்ளே போய், மறுபக்கக் கதவு வழியாக வெளியே வந்தபோதுதான் மகள் ஞாபகம் வந்தது.

கோபுரத்தைச் சுற்றிப் போகலாம் என்றால் வேலி. வேலியோடு போனால் ஒரு நீச்சல் குளம். செல்போன் பையில். பை மகளிடம். பொய்யாகத் தோற்க வந்தவருக்கு நிஜமாகவே குலை நடுங்கியது. இத்தனை நேரம் அவள் நின்றிருக்கவே மாட்டாள். எங்கே ஓடினாளோ? தண்ணீர்ப் பக்கம் போயிருந்தால்? "பம்பரம்! பம்பரம்!" என்று கத்திக்கொண்டு ஓடினார். பொம்மைக் கடைக்காரர் அவர் கையில் ஒரு பம்பரத்தை எடுத்துக் கொடுத்தார்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஓர் அறிவிப்பு. அப்பா ஒருவரைக் காணவில்லை. சாம்பல் நிறச் சட்டை. லேசான தொப்பை. கேட்டால் இல்லை என்பார். கண்டவர்கள் தகவல் மையத்துக்கு அழைத்து வரவும். அவரை யாரும் திட்ட வேண்டாம், அவர் வேணும்னு செய்வதில்லை என்று மகள் கேட்டுக்கொள்கிறாள்."

சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அவர் தொப்பையைப் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா கையைப் பிடித்தே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

தகவல் மையத்தில் பம்பரம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு காலாட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

"நான் அங்கயேதான்ப்பா நின்னேன். ரொம்ப நேரம். கஷ்டமா இருந்துச்சு, ஆனா நின்னேன். நீங்க வரவே இல்ல. அதான் யூனிஃபார்ம் போட்ட அக்காகிட்ட கேட்டேன்."

மெக்கானிக் அவளை வாரி அணைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சரி, பிரேக் எப்படிப்பா வேலை செய்யுது?" என்றாள் அவள், அவர் தோளில் ஐஸ்கிரீமை ஒழுகவிட்டபடி.

பஸ்ஸில் பாதி வழி காந்தப் பிரேக் பேச்சே ஓடியது. அவள் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். அப்புறம் அவள் அவர் மடியில் தூங்கிப்போனாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அட, இதைவிடப் பெரிய தோல்வி எங்கே கிடைக்கும்! முகம் மலர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பம்பரம் குளியலறைக்கு ஓடினாள். மெக்கானிக் சோபாவில் சரிந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் தோத்துட்டேன்மா. சுத்தமா தோத்துட்டேன்."

"அப்புறம் சொல்லுங்க."

"நிக்கச் சொல்லிட்டுப் போனவன் நான். தொலைஞ்சதும் நான்."

"அப்படியா? அவ என்ன பண்ணா?"

"அசையாம நின்னிருக்கா! அப்புறம் ஆள் பிடிச்சு, மைக்ல சொல்ல வெச்சு, என்னைத் தேடி எடுத்துட்டா. நான் சுத்த உதவாக்கரைம்மா. என்னை நம்பி ஒரு பொறுப்பும் குடுக்காத."

"சரிங்க," என்றாள். போனை எடுத்தாள். "மேடம், நாளையிலேருந்து காலை ஷிஃப்டுக்கு வந்துடறேன்."

மெக்கானிக் துள்ளி எழுந்தார். "ஏம்மா! நான் இவ்வளவு நேரம் சொன்னத நீ கேக்கவே இல்லையா?"

"முழுசாக் கேட்டேங்க. அவள உங்ககிட்ட விட்டுட்டுப் போகத்தான் யோசிச்சேன். உங்கள அவகிட்ட விட்டுட்டுப் போக எனக்கென்ன பயம்?"