வெல்லக்கூடியவருக்கே ஓட்டு

ஒற்றுமை என்றால் என்ன என்று இனி யாராவது கேட்டால், அவரைப் பன்னிரண்டாம் வார்டுக்கு அனுப்பி வைப்பதே முறை. கருத்து வேறுபாடு, மனத்தாங்கல், முறைத்துப் பார்த்தல் எதுவுமின்றி ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பேர் ஒரே பெயரில் முத்திரை குத்திய புண்ணிய பூமி அது.

அந்த மகத்தான காரியம் தொடங்கியது தையலக்காவின் கடையில், கணுக்கால் அளவு சாக்கடைத் தண்ணீரில்.

அரை மணி நேரம் மழை பெய்தால் போதும். தெருச் சாக்கடை சொந்தக்காரரைப் போல அவர் கடைக்குள் வந்துவிடும். தையல் இயந்திரம் நாலு செங்கல் மேல் நின்றது. போன மாதம் ஒரு மணப்பெண்ணின் உடை நனைந்துபோய், பெண் வீட்டார் பார்த்த பார்வைக்குச் சாக்கடையே தேவலை என்று ஆகிவிட்டது அவருக்கு.

கவுன்சிலர் அசைந்து கொடுக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளாக அவர்தான் கவுன்சிலர். அந்த ஒரு சாக்கடைக்கே மூன்று முறை அடிக்கல் நாட்டியதால் வார்டு மக்கள் அவரை 'அடிக்கல்' என்றே அன்போடு அழைத்தார்கள். கட்டினால்தானே இடியும் என்ற தொலைநோக்குடையவர். ஒவ்வொரு தேர்தலிலும் அறுநூறு ஓட்டு வாங்குவார். மீதி எண்ணூறை நாலு பேர் பங்கு போட்டுக்கொண்டு தோற்பார்கள்.

அந்த நாலு பேரும் அன்று கடையில் கால் நனைய நின்றார்கள்: சலூன்காரர், மருந்துக்கடைக்காரர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், தையலக்கா. இந்த முறையும் நாலு பேருமே மனு கொடுத்திருந்தார்கள்.

"நாலு பேரும் நின்னா நாலு பேரும் தோப்போம்," என்றார் தையலக்கா. "ஒருத்தர் நிக்கட்டும், மூணு பேர் விலகுவோம். யாருன்னு வீடு வீடாப் போய் ஜனங்களையே கேப்போம்."

பலத்த கைதட்டல். மற்ற மூவரும் விலகுவார்கள் என்ற பகுதி ஒவ்வொருவருக்கும் மிகவும் பிடித்திருந்தது.

உடனே 'வாக்குச் சிதறாமைக் குழு' உதயமாயிற்று. கேள்வியை வகுக்கும் பொறுப்பு கணக்கு வாத்தியாருக்கு.

"யாரு வேணும்னு மட்டும் கேட்டுடாதீங்க. உணர்ச்சிவசப்பட்டு உண்மையைச் சொல்லிடுவாங்க, அது நமக்கு உபயோகப்படாது. யாரு ஜெயிப்பாங்கன்னு கேளுங்க. ஜெயிக்கக்கூடியவருக்கே எல்லாரும் ஓட்டு. ஒரே விதி, மீறக் கூடாது."

விதிமேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். விதி காகிதத்தில் இருந்ததால் அதுவும் நனைந்தது.

அளவு நோட்டும் பென்சிலுமாகத் தையலக்கா தெருத்தெருவாக நடந்தார். முதல் வீட்டுக்காரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசுக்கு நீங்கதாங்க்கா. ஆனா நீங்க எங்க ஜெயிக்கப் போறீங்க? மத்தவங்க போட மாட்டாங்களே. அடிக்கல்தான் ஜெயிப்பாருன்னு எழுதிக்கங்க."

"மத்தவங்கன்னா யாரு?"

"அதான், பக்கத்து வீட்டுல."

பக்கத்து வீட்டில் போய்க் கேட்டார். "நான் உங்களுக்குப் போட மாட்டேனாக்கா? எதிர்வீட்டுக்காரங்கதான்…" என்று இழுத்தார்கள். எதிர்வீட்டில் மாடியைக் காட்டினார்கள். அடிக்கல்லின் சொந்த மைத்துனரே குரலைத் தாழ்த்தி, "மனசுக்கு நீங்கதாம்மா. ஆனா மாமாவை யாரு ஜெயிக்க முடியும்?" என்றார். நாலு நாள் நடந்து, தெருக்கோடி வரை போயும், அந்த 'மற்றவர்கள்' குடியிருக்கும் வீடு மட்டும் அகப்படவில்லை.

முடிவு அறிவிக்கப்பட்டது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வீடு. 'தெரியாது' இருபத்தொன்று. மீதி முழுவதும் அடிக்கல்.

"அவரைத் தோக்கடிக்கத்தானே கணக்கெடுத்தோம்?" என்றார் சலூன்காரர்.

கணக்கு வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "விதி என்ன? ஜெயிக்கக்கூடியவருக்கே ஓட்டு. பிடிக்காத விடை வந்துச்சுன்னு கணக்கை மாத்தினா, அப்புறம் அவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

"அதுவும் சரிதான்," என்றார் மருந்துக்கடைக்காரர். "ஓட்டு சிதறினாத்தானே அவரு ஜெயிக்கிறாரு? எல்லாரும் அவருக்கே போட்டுட்டா எப்படிச் சிதறும்?"

தையலக்காவுக்கு எங்கோ சுருக்கென்று தைத்தது. "நாலு நாளா எல்லாரும் மனசுக்கு நீதான்னு சொல்றாங்க. அதை எந்தக் கட்டத்துல எழுதறது?"

"நோட்டுல மனசுக்குக் கட்டம் இல்லைம்மா," என்றார் வாத்தியார்.

"ஏங்க்கா," என்று சலூன்காரர் இதமாகக் கேட்டார், "உங்களுக்கே நிக்கணும்னு ஆசையா?"

தையலக்கா அளவு நோட்டை மூடிவைத்தார். கூட்டத்தைக் கூட்டியவரே பதவிக்கு அலைகிறார் என்று பெயர் வாங்கலாமா? மறுநாள் மூவரும் மனுவைத் திரும்பப் பெற்றார்கள். தையலக்கா கடைசித் தையலையும் முடித்துவிட்டுத் தன் மனுவையும் திரும்பப் பெற ஓடினார். அதிகாரி கடிகாரத்தைக் காட்டினார்.

"மூணு மணி தாண்டி ஒரு நிமிஷம் ஆயிடுச்சு. தியாகம் பண்றதுக்கும் நேரங்காலம் உண்டும்மா."

ஆகவே வாக்குச்சீட்டில் அவர் பெயர் தங்கிவிட்டது.

விஷயம் காதுக்கு எட்டி அடிக்கல்லே கடைக்கு வந்தார். "எனக்கு எதிராக் கூட்டம் போடறீங்களாமே?"

"ஆமாங்க. உங்களுக்குத்தான் போடறதுன்னு முடிவாயிடுச்சு."

அதில் என்ன சதி இருக்கிறது என்று புரியாமல் பாவம், அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

தேர்தல் நடந்தது. ஒட்டுப் போட்ட துணியோடு வந்த ஏழைகூட ஓட்டைச் சிதற விடவில்லை. அடிக்கல்: ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு. தையலக்கா: பூஜ்யம்.

"பூஜ்யமா?" என்று கேட்டார் அவர் கணவர். "உன் ஓட்டு எங்கடி போச்சு?"

"குழுக் கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்கே. அது போகட்டும், உங்க ஓட்டு எங்க போச்சு?"

கணவர் மின்விசிறி சரியாகச் சுற்றுகிறதா என்று அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார்.

அந்த வாரம் முழுக்கக் கடையில் கூட்டம். அளவு கொடுக்கும் சாக்கில் ஒவ்வொருவராக வந்து, காதோடு காதாகச் சொன்னார்கள்: "யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா, நான் மட்டும் உங்களுக்குத்தான் போட்டேன்." சனிக்கிழமைக்குள் நாற்பத்து மூன்று பேர். வாயில் குண்டூசிகள் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. தையலக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

கடைசியாக, பதவியேற்புக்குச் சட்டை தைக்க அடிக்கல் வந்தார். மார்பு இரண்டு அங்குலம் கூடியிருந்தது. அளவு நாடாவைப் பிடித்தபடி தையலக்கா கேட்டார்:

"நீங்க யாருக்குங்க போட்டீங்க?"

"இதென்னம்மா கேள்வி? இந்த வார்டுக்கு யாரு வரணும்னு எனக்குத் தோணுச்சோ அவருக்குத்தான். எனக்கே போட்டுக்கிட்டேன்." பிறகு ஒன்றும் புரியாதவராக அவரையே பார்த்தார். "ஏன், எல்லாரும் அப்படித்தானே போடுவாங்க?"

நாடா கை நழுவி விழுந்தது.

ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு பேரில், தனக்கு யார் வேண்டுமோ அவருக்கே ஓட்டுப் போட்டவர் அவர் ஒருவர்தான். வார்டில் ஜனநாயகம் தெரிந்த ஒரே ஆளைத்தான் ஜனங்கள் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதில் ஒரு தப்பும் சொல்ல முடியாது.