வேல்ஸ் மெம்பர் பேசிய ஊர்

"அரிசி விலை ஏறிப்போச்சாம் சார்" என்று சிட்டிபாபு படித்தான்.

பேப்பரில் இருந்தது ரொட்டி. ஆனால் பிரசிடெண்டு தணிகாசலத்துக்கு ரொட்டி என்றால் ஜுரக்காரன் பாலில் நனைத்துத் தின்கிற வஸ்து. அது விலை ஏறினால் அவருக்கென்ன, இறங்கினால் என்ன? அதனால் சிட்டிபாபு அதை அரிசியாக்கிவிட்டான்.

காஞ்சிபுரத்துக்கு ஒட்டினாற்போல், செவிலிமேட்டுப் பக்கம் இருந்த தறிப்பேட்டை பஞ்சாயத்து போர்டில் தினமும் காலையில் நடக்கிற காரியம் இது. பட்டணத்து இங்கிலீஷ் பேப்பர் ரயிலேறி ஒரு நாள் தாமதமாக வந்து சேரும். பிரசிடெண்டுக்கு இங்கிலீஷில் தெரிந்தது அவருடைய கையெழுத்து மட்டும். குமாஸ்தா சிட்டிபாபு தமிழில் படித்துச் சொல்வான். தெரிந்த வார்த்தையைச் சொல்வான், தெரியாததைத் தாண்டுவான், தாண்ட முடியாததை ஊருக்கு ஏற்றபடி மாற்றிவிடுவான். மூன்று வருஷமாக இதில் ஒரு விபத்தும் நேரவில்லை.

மூன்று வருஷமாக அவன் உத்தியோகமும் டெம்பரரியாகவே இருந்தது. பிரசிடெண்டு ஒரு கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். வருகிற ஒன்றாம் தேதி போடுகிறேன் என்று சொல்லியிருந்தார். இங்கிலீஷ் தெரிந்த குமாஸ்தா என்பதைத் தவிர அவனிடம் வேறு தகுதி எதுவும் கிடையாது.

"லண்டன் பார்லிமெண்டுல ஒரு வெள்ளைக்கார மெம்பரு பேசிக்கீறாரு சார். தொழிலாளிங்களுக்குக் கூலி குறைஞ்சுபோச்சு, சாமான் விலை ஏறிப்போச்சு. தெருக் குழாயில மாசக்கணக்கா தண்ணி வர்ல. ஆஸ்பத்திரியில மருந்து இல்ல. தெரு விளக்கு எரியறதில்ல. ஜனங்க எப்படிப் பொழைக்கிறதுன்னு கேக்கறாரு."

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"எந்த ஊருல?"

அந்த இடத்தில் ஒரு ஊர்ப் பெயர் இருக்கத்தான் செய்தது. அது சிட்டிபாபுவின் வாயில் நுழையவில்லை. படிக்கத் தெரியவில்லை என்று சொன்னால் ஒன்றாம் தேதி போய்விடும்.

"ஊர் பேர் போடலீங்க சார்."

"போட மாட்டான்பா. சீமைக்காரன் நாகரிகம் தெரிஞ்சவன். பேரைச் சொல்லாமயே மானத்தை வாங்குவான்." தணிகாசலத்தின் முகம் வெளுத்துவிட்டது. "இது நம்ப பேட்டைதான்."

"நம்ப பேட்டை அவருக்கு எப்படி சார் தெரியும்?"

"சாமிக்கு முன்னாடி யார் நின்னு பாடறதுன்ற சண்டையைக் கோர்ட்டு கோர்ட்டா ஏத்தி, கடல் தாண்டி லண்டன் கோர்ட்டுக்கே அனுப்பின ஊருபா இது. குழாத் தண்ணி விஷயம் போவாதா?"



சாயங்காலத்துக்குள் குழாயில் தண்ணீர் வந்தது. பாலாற்று ஊற்றுக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற எஞ்சினுக்குத் தோல் பட்டை அறுந்துவிட்டது, பட்டணத்திலிருந்து வந்தாக வேண்டும் என்று ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அது பிரசிடெண்டுடைய நெல் மிஷினிலிருந்து வந்தது. ஏழு மாதம் முன்பு அங்கே போனதும் அதே பட்டைதான்.

குழாயடியில் லோகாம்பாள் குடத்தை வைக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் அவள் புருஷனும் தணிகாசலத்திடம் கூலிக்குப் பட்டு நெய்கிறவர்கள்.

"இன்னா கிளார்க்கையா, தண்ணி வருது? கவர்னரு வர்றாரா, எலெக்சன் வருதா?"

"ஒண்ணும் வர்ல. தண்ணிதான் வருது. புடிச்சிக்கினு போமா."

"ஆடியில குறைச்ச கூலியையும் திருப்பி ஏத்திட்டாரு. எனக்கு பயமா கீது. பிரசிடெண்டுக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் வந்துக்கீதா?"

சிட்டிபாபுவுக்கும் பயமாகத்தான் இருந்தது. அதைவிட ஆவல் அதிகமாக இருந்தது. யார் இந்த வெள்ளைக்காரர்? ஆறாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு தறிப்பேட்டைக் குழாயை எப்படிப் பார்த்தார்? மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, தாண்டிப் போன வார்த்தைகள் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் அவனுக்கு இருந்தது.

பேப்பரை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போர்டு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனான். அங்கே வாத்தியாரம்மா கிருஷ்ணவேணிக்கு நிஜமாகவே இங்கிலீஷ் தெரியும். அதற்கு ஊர் அவளுக்குக் கொடுத்த மரியாதை, ஒழுகுகிற கூரையும் கால் உடைந்த நாற்காலியும்.

பிரசிடெண்டுக்குப் படித்துச் சொன்னதைச் சிட்டிபாபு சொல்லி முடித்ததும், கிருஷ்ணவேணி பேப்பரை வாங்கி ஒரு மூச்சில் படித்தாள்.

"இதில அரிசி எங்க இருக்கு?"

"ரொட்டியைத்தான் கொஞ்சம்..."

"தொழிலாளின்னு யாரைச் சொன்னீங்க?"

"யாருன்னு சொல்லலீங்க. அவரு நெசவுக்காரங்கன்னு எடுத்துக்கினாரு."

"நிலக்கரி வெட்டறவங்க. ஊர் வேல்ஸ்ல இருக்கு. இவர் அந்த ஊர் மெம்பர். தன் ஊர் கஷ்டத்தைத் தன் சபையில சொல்லியிருக்கார்."

சிட்டிபாபு பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்தான். பிறகு எழுந்தான். "வேல்ஸுன்னா எங்கம்மா இருக்குது?"

அவள் சுவரில் தொங்கிய உலகப் படத்தில் விரல் வைத்தாள். இங்கிலாந்தின் இடுப்பில் இருந்த அந்தத் துண்டை மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கிப் போய்ப் பார்த்தான் சிட்டிபாபு.

"இது வெள்ளைக்காரங்க ஊருதானே?"

"ஆமா."

"வெள்ளைக்காரங்க தெருவுலயுமா தண்ணி வர்ல?"

"வரல."

"வெளக்கு?"

"எரியல."

"அங்கயும் போர்டு, பிரசிடெண்டெல்லாம் உண்டா?"

"இல்லாம இருக்குமா?"

"அப்போ நெல் மிஷினும் இருக்கும்" என்றான் சிட்டிபாபு, மெதுவாக.

கிருஷ்ணவேணி சிரித்துவிட்டாள். உடனே நிறுத்திக்கொண்டாள். "இப்ப என்ன செய்யப்போறீங்க?"

"போய் உண்மையைச் சொல்லிடறேம்மா."

"சொன்னா?"

"என் உத்தியோகம் போவும்."

"அது உங்க கவலை. பட்டை திரும்ப மிஷினுக்குப் போகும். என் பொண்ணுங்க பள்ளிக்கூடத்தை விட்டுட்டு மறுபடியும் ஆத்துல குடம் தூக்குவாங்க. அது என் கவலை. வாயை மூடிக்கிட்டு இருங்க."

உத்தியோகம் தங்குகிற யோசனையாகவும் அது இருந்ததால் சிட்டிபாபு உடனே ஒப்புக்கொண்டான்.

அடுத்த வாரத்தில் ஆஸ்பத்திரிக்கு மருந்து வந்தது. தெரு விளக்குகள் எரிந்தன. வெளிச்சத்துக்குப் பழகாத நாய்கள் குரைத்துத் தீர்த்தன. "இன்னிக்கு மெம்பரு இன்னா சொல்றாரு?" என்று பிரசிடெண்டு தினமும் கேட்டார். மெம்பர் அப்புறம் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. அந்த மௌனம்தான் தணிகாசலத்தை வாட்டியது. தகவல் கொடுத்தவன் யார் என்று விசாரணையில் இறங்கினார்.

போன மாதம் ஒரு வெள்ளைக்காரன் வந்து கோபுரத்தைப் படம் பிடித்தான், லோகாம்பாளிடம் நின்று பேசினான் என்று யாரோ சொன்னார்கள். லோகாம்பாளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இன்னாம்மா சொன்னே அவன்கிட்ட?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. குடிக்கத் தண்ணி வேணும்னு கையைக் காட்டினான். நான் குழாயைக் காட்டினேன்."

"காட்டிட்டாளே!" என்று தணிகாசலம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "யோவ் பாபு, இவளுக்கு நாளையிலேர்ந்து பட்டு கிடையாது. தறியை நிறுத்திட்டு அந்த வெள்ளைக்காரன் வீட்டுலயே போய் நெய்யட்டும்."

லோகாம்பாள் சிட்டிபாபுவைப் பார்த்தாள். தான் மாற்றிய ஒரு ரொட்டிக்காக ஒரு வீட்டில் அடுப்பு அணையப்போகிறது என்று அவனுக்கு விளங்கியது. அன்றைய பேப்பரைப் பரபரவென்று பிரித்தான்.

"சார்! மெம்பரு பேசிட்டாரு சார்! அந்த ஊருல எல்லாம் சரியாப்போச்சாம். பிரசிடெண்டு தங்கமானவராம். இத்தோட விஷயம் முடிஞ்சுதுன்னுட்டாரு!"

அந்தப் பக்கத்தில் இருந்தது குதிரைப் பந்தயச் செய்தி.

தணிகாசலம் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தங்கமானவருன்னா சொன்னாரு?"

"ரெண்டு தபா சொல்லிக்கீறாரு சார்."

"அப்போ விஷயம் எப்படிபா முடியும்? அவ்ளோ பெரிய மனுசன் சொன்னப்புறம் நாம சும்மா குந்திக்கினு இருந்தா நல்லாவா இருக்குது? எழுது."

எழுத வேண்டியதாயிற்று. சமூகம் கனம் மெம்பர் அவர்கள் எங்கள் ஊரைப் பற்றிப் பேசியது முழுவதும் உண்மை; இனிமேல் இப்படிப்பட்ட தப்பு நடக்காது; மன்னித்து அருள வேண்டியது. ஜில்லா கலெக்டர் துரை வழியாக லண்டனுக்கு அனுப்ப வேண்டும் என்று மேலே ஒரு குறிப்பு. லோகாம்பாளுக்குத் தறி திரும்பக் கிடைத்தது. மெம்பருக்கு ஒரு பட்டு அங்கவஸ்திரம் நெய்யச் சொல்லி உத்தரவும் கிடைத்தது.

"அவரு ஒல்லியா, குண்டா, கிளார்க்கையா?" என்று அவள் கேட்டாள். "சீமையில குளுருமாமே, கொஞ்சம் கெட்டியாவே நெய்துடட்டா?"

சிட்டிபாபு கவரை ஒட்டித் தன் சட்டைப்பையில் பத்திரமாக வைத்தான். வேகவதி ஆற்று மணலில் புதைத்துவிட்டால் காரியம் முடிந்தது.

"இங்க குடுபா" என்று தணிகாசலம் கையை நீட்டினார். "இப்பேர்ப்பட்ட கடுதாசியைப் போஸ்டாபீசுல நானே சேர்த்தாத்தான் எனக்கு நிம்மதி."

அவரே சேர்த்தார். ரிஜிஸ்தர் செய்தே சேர்த்தார்.

சிட்டிபாபு கணக்குப் போட்டுப் பார்த்தான். கலெக்டர் துரைக்கு வேல்ஸ் எங்கே இருக்கிறது என்று படம் பார்க்க வேண்டியதில்லை. அவர் பிறந்த ஊரே அதுவாக இருக்கலாம். துரை சிரிப்பார். சிரித்து முடித்ததும், பேப்பரைப் படித்துச் சொன்ன புத்திசாலி யார் என்று கேட்பார். ஒன்றாம் தேதிக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு ரயிலேறினான். ஜில்லா கலெக்டர் கச்சேரியில் தபால் கட்டுகிற அறையை விசாரித்துக் கண்டுபிடித்தபோது, டவாலிச் சேவகர் முனுசாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நாடா முடிந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு கடுதாசி. துரை கண்ணுல படறதுக்கு முன்னாடி அதைத் திருப்பித் தரணும்."

"இன்னா கடுதாசி சாமி?"

வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த பொய் ஒன்றும் சிட்டிபாபுவின் வாயில் வரவில்லை.

"வேல்ஸுன்னு ஒரு சீமைண்ணே. அங்க ஒரு மெம்பரு. அவர் பேசினது எங்க ஊரைப் பத்தியே இல்ல. நான்தான் தப்பாப் படிச்சுப்புட்டேன். எங்க பிரசிடெண்டு அதை நம்பி மன்னிப்புக் கேட்டு எழுதிட்டாரு. அது துரை கைக்குப் போனா என் பொழப்பு போச்சுண்ணே."

முனுசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து போய் அலமாரியிலிருந்து தடித்த கடுதாசிக் கட்டு ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் போட்டார். தூசு பறந்தது.

"எந்த ஊருன்னு சொல்லு, தேடிப் பாக்கலாம்" என்றார். "அந்த மெம்பரு பேசினது எங்க ஊரைப் பத்தித்தான், இனிமே தப்பு நடக்காதுன்னு இதோட பதினேழு போர்டு எழுதிக் குடுத்துக்கீது."