தொடாமல் போடும் சுவிட்ச்

மின்விசிறி மறுபடியும் நின்றபோது முகைதீனுக்கு வியர்த்தது. காற்று நின்றதால் பாதி, மானம் போனதால் மீதி.

எதிரே உட்கார்ந்திருந்த அப்துல் ஹை அண்ணாந்து பார்த்தார். மண்ணடியில் கடை வைத்திருப்பவர். தன் மகனுக்கு முகைதீனின் மகள் பரீதாவைக் கேட்டு, பட்டணத்திலிருந்து பழவேற்காட்டுக்கு முதல் தடவையாக வந்திருந்தார்.

"இன்னா பாய், ஃபேனுக்கு நம்ம பேச்சு புடிக்கலியா?"

"சேச்சே! இது சிங்கப்பூர் சுவிட்ச். என் தம்பி கொண்டாந்தான். தொடவே வேணாம், கை கிட்டப் போனாலே போதும். பாருங்க!"

முகைதீன் எழுந்துபோய், பலகைத் தடுப்பில் பொருத்தியிருந்த வெள்ளைப் பெட்டியின் முன்னால் கையைக் காட்டினார். மின்விசிறி சுழன்றது. இன்னொரு தடவை கை கிட்டப் போனால் நிற்கும். அவ்வளவுதான் அதன் வித்தை.

பெட்டியைச் சுவரில்தான் மாட்டியிருக்க வேண்டும். உப்பு ஊறிய ஏரிக்கரைச் சுவரில் எந்தப் பெட்டியும் ஒரு மழைக்காலம் தாண்டாது என்று மெக்கானிக் ராஜவேலு சொல்லிவிட்டான். அதனால் ஆண்கள் கூடத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரிக்கும் பலகையிலேயே ஏற்றியாகிவிட்டது. அந்தப் பக்கம் ஹையின் அக்கா மஸூதா, பரீதாவோடு உட்கார்ந்திருந்தார். சம்பந்தப் பேச்சில் அங்கிருந்து ஒரு குரலும் இங்கே வரக் கூடாது என்பது வழக்கம்.

"எங்க உட்டோம்? ஆங், பையன். துபாய்ல இன்ஜினீயர்" என்றார் ஹை.

மின்விசிறி நின்றது.

"ராஜவேலு!" என்று கத்தினார் முகைதீன்.

எதற்கும் இருக்கட்டும் என்று வாசலில் நிறுத்தி வைத்திருந்த ராஜவேலு ஓடிவந்தான். பெட்டியைத் திறந்து ஊதினான், முகர்ந்தும் பார்த்தான்.

"கடக்காத்து பாய். உப்பு ஏறி சுணங்கிக் கெடக்குது. இந்தத் திருகாணிய கொஞ்சம் ஏத்தி உட்டா சுறுசுறுப்பாய்டும்."

ஏற்றிவிட்டான். ஆகிவிட்டது. இப்போது பெட்டிக்கு முழங்கை தூரத்தில் ஈ பறந்தாலும் தெரிந்தது. பலகையோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஹையோ கையை ஆட்டாமல் பேசத் தெரியாதவர். 'கடை' என்று கையை விரித்தால் விசிறி சுற்றியது, 'வியாபாரம்' என்று உயர்த்தினால் நின்றது. கடைசியில் மனிதர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். அதோடு பாதித் தமிழ் மறந்துபோய்விட்டது.

"பையன்... வந்து... நல்ல... இன்னா சொல்வாங்க அதுக்கு..."

"பெஞ்சை அந்தாண்ட நகர்த்துடா!" என்றார் முகைதீன்.

பெஞ்சு எதிர்ச் சுவரோரம் போனது. கைகள் விடுதலையாயின. ஹை மூச்சுவிட்டார்.

"சிகரெட் வாசனையே ஆகாது பாய், நம்ம பையனுக்கு."

மின்விசிறி நின்றது.

"நான் தொடல பாய்!" என்று அலறினான் ராஜவேலு.

"தொடாமலே நிக்கறதுதானேடா அது! போ வெளியே!"

ராஜவேலு தெருவுக்குப் போனான். முகைதீன் கையைக் காட்டி விசிறியை ஓடவிட்டு, பூனைபோல் நடந்துவந்து உட்கார்ந்தார். இனிப் பெட்டியின் பக்கத்தில் ஆளில்லை.

"பிரியாணின்னா நல்லா சாப்புடுவான். ரெண்டு தட்டு" என்றார் ஹை.

விசிறி குஷியாகச் சுற்றியது. அப்பாடா என்றிருந்தது முகைதீனுக்கு.

"மண்ணடில அவன் பேர்லயே ஒரு மாடி வீடு."

நின்றது.

ஹை முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் தாழ்ந்தது. "தப்பா நெனக்காதீங்க. இந்த வூட்ல ஜின் கின் ஏதாச்சும்..."

முகைதீன் தெருவாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். இந்த ஒரு சொல் பொன்னேரி பஸ் ஏறினால் போதும், அப்புறம் பரீதாவைக் கேட்டு எவன் வருவான்? காலையில் மனைவி மெஹருன்னிசா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "பையனை நாலு எடத்துல விசாரிக்காம தலையாட்டிடாதீங்க. ஒரே பொண்ணு." அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். மின்விசிறி ஒழுங்காக ஓடியிருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டிருப்பார். இப்போது எந்த முகத்தோடு கேட்பது?

"ஜின்னெல்லாம் இல்ல பாய், மிஷின் கோளாறு" என்றார் பரிதாபமாக, எழுந்துபோய்க் கையைக் காட்டி விசிறியை ஓடவிட்டு வந்து உட்கார்ந்தபடி.

"வேற ஆளா இருந்தா எழுந்து போயிருப்பான். நாங்க பொறுத்துக்கறோம். நீங்களும் விசாரிக்கறது கிசாரிக்கறதுன்னு இழுக்காதீங்க. இப்பவே வார்த்தை குடுத்துடுங்க, முடிஞ்சுது."

முகைதீன் எழுந்தார். இந்தச் சனியன் இன்னொரு தடவை மானத்தை வாங்குவதற்குள் முடித்துவிட வேண்டும். நேராக மூலைக்குப் போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். விசிறி, பெட்டி, பெட்டியின் சிவப்பு விளக்கு, எல்லாம் அணைந்தன. வீடு உலைமூடிபோல் புழுங்கியது.

"இப்ப பேசுங்க பாய், ஒரு தொந்தரவும் இருக்காது."

"பேச இன்னா இருக்குது? பையன் தங்கம்!" என்றார் ஹை, கைகளை அகல விரித்து.

எதுவும் நிற்கவில்லை. நிற்பதற்கு எதுவும் ஓடவும் இல்லை. முகைதீனுக்கு நெஞ்சு லேசாயிற்று. தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஹையின் கையைப் பிடித்தார்.

"அல்லா பேர்ல வார்த்தை..."

பலகையின் அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஹையின் முகம் வெளுத்தது. வழக்கத்தை மீறி மஸூதாவின் குரல் கணீரென்று கேட்டது.

"மெயினை எதுக்கு பாய் நிறுத்துனீங்க? என் தம்பி பொய் சொல்றப்பல்லாம் பலகைல கைய வெச்சு ஃபேனை நிறுத்திக்கினு இருந்தேன், இனிமே நான் எதை நிறுத்தறது?"