நோட்பேடில் பெண் பார்த்த தரகர்

மவுஸைத் தொடாமலே கம்ப்யூட்டரை மிரட்டி வேலை வாங்கும் ஆள், அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் தரகரைத் தவிர இன்னொருத்தர் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் பாடி மேம்பாலத்து நெரிசலைத் தாண்டி வேலைக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டார்.

எங்கள் நட்டு போல்ட் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் அவர் பொறுப்பு. எந்த ஃபைல் எந்த சாஃப்ட்வேரில் திறக்க வேண்டும் என்பதைக் கறுப்புத் திரையில் கட்டளை தட்டி அவர்தான் முடிவு செய்வார். "நீங்களா ஒண்ணுத்துல கட்டிக் குடுத்தா அது கண்ணைக் கசக்கிகினு நிக்கும் சார். பொருத்தம் பாக்கணும்" என்பார். அதனால்தான் தரகர். நாற்பதை நெருங்கியும் அவருக்கு மட்டும் ஒன்றும் அமையவில்லை. அந்தக் குறை எங்களுக்கும் இருந்தது.

ஒருநாள், நாங்கள் எந்நேரமும் குட்மார்னிங் படங்களைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்குக் கோபம் வந்தது. எல்லா மெஷினிலும் ஒரே ஒரு வரி தட்டினார். அதோடு படங்கள் அத்தனையும், எழுத்தை மட்டுமே காட்டும் நோட்பேடில் திறந்தன. ரோஜாப்பூவை கிளிக் செய்தால் பூச்சி பூச்சியாக எழுத்து வந்தது.

அன்றைக்குப் பார்த்து, திருவேற்காட்டில் இருக்கும் அவருடைய அக்கா, அவருக்குப் பார்த்திருந்த பெண்ணின் போட்டோவை மெயிலில் அனுப்பினார். தரகரிடம் இருந்தது பட்டன் போன். ஃபைல் பெயரைத் தட்டித் திறந்தார். அதே பூச்சிகள்.

"ரைட் கிளிக் பண்ணி பெயிண்ட்ல திறங்க சார்" என்றார் அக்கவுண்ட்ஸ் மாலதி.

"கொல்லப்பக்கமா பூந்து பொண்ணு பாக்கச் சொல்றியாம்மா? கம்முனு இரு."

பழைய பொருத்தத்தை மறுபடி சேர்த்துவைக்கப் பார்த்தார். பதற்றத்தில், முன்பு படம் திறந்த சாஃப்ட்வேரின் பெயர் நினைவுக்கு வரவில்லை. அதற்குள் அக்காவின் போன்.

"இன்னாடா, போட்டோ பாத்தியா? அவங்க வேற எடமும் பாத்துகினு கீறாங்களாம். இப்பவே சொல்லு."

தரகர் அம்புக்குறியை அழுத்தி அழுத்திக் கடைசி வரி வரை படித்தார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் கூடிவிட்டோம்.

"புடிச்சிருக்குக்கா. போட்டோ சுருக்காம முழுசா நாலு எம்பி கீது. எதையும் மறைக்காத குடும்பம்."

மாங்காடு கோயிலில் பெண் பார்க்க என்னையும் இழுத்துப் போனார். அந்தப் பெண் நேராகவே கேட்டார்: "போட்டோ பாத்துட்டுத்தானே சரின்னீங்க?"

தரகருக்குப் பொய் வராது. "நோட்பேட்ல பாத்தேன்" என்றார். காரியம் கெட்டது என்று நான் அம்மன் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உங்க போட்டோ எனக்குத் தொறக்கவே இல்ல" என்றார் அந்தப் பெண். "நேர்ல பாத்துக்கலாம்னு நானும் சரின்னுட்டேன்."

கல்யாணத்துக்குப் பிறகு தரகர் பூந்தமல்லிப் பக்கம் வேலை மாறிவிட்டார். இப்போது எந்த ஃபைலைத் தொட்டாலும், எதில் திறக்கட்டும் என்று கம்ப்யூட்டர் என்னைக் கேட்கிறது. அந்த மனிதர் இருந்தவரை, அது என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை.