மான் தொடையைக் குளிப்பாட்டிய டிகிரி அண்ணை

ரொறன்ரோவில் தமிழர் குடியேறிய நாள் முதல் இன்றுவரை, ஒரு மான் தொடைக்கு வெந்நீரில் குளிக்க வார்த்த ஒரே மனிதர் எங்கள் டிகிரி அண்ணைதான். வேறு யாராவது செய்திருந்தால் வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள். டிகிரி அண்ணை சொல்லுவார். கேட்காதவர்களைத் தேடிப்போயும் சொல்லுவார்.

கலியாணமான புதிதில் நானும் மனைவியும் மில்லிக்கன் பகுதியில் அவருடைய வீட்டு பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்தோம். மேலே அவரும் மனைவி ராணி அக்காவும். உடுப்புத் தோய்க்கும் அறை மட்டும் இரண்டு குடும்பத்துக்கும் பொது. குடிபோன முதல் வாரம், அழுக்குக் கூடையோடு அந்த அறைக்குப் போன என் மனைவி கூடை இல்லாமல் திரும்பி வந்தாள்.

"உள்ளை ஒரு கால் கிடக்கு," என்றாள்.

"ஆற்ரை கால்?"

"எனக்கென்ன தெரியும்? சுடுதண்ணிக்குள்ள கிடக்கு. பக்கத்திலை ஒரு மெசின் உறுமுது."

போய்ப் பார்த்தேன். கடற்கரைக்குக் கொண்டுபோகிற பெரிய ஐஸ் பெட்டி ஒன்று நிறையத் தண்ணீர். அதற்குள் காற்று உறிஞ்சி ஒட்டிய பிளாஸ்டிக் பையில் சிவப்பாக ஓர் இறைச்சித் தொடை. பெட்டியின் விளிம்பில் தடி போன்ற கருவி ஒன்று நின்று தண்ணீரைச் சூடாக்கிக் கலக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் டிகிரி அண்ணை, பிறந்த குழந்தையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிற தகப்பன் மாதிரிக் குந்தியிருந்தார்.

"என்ன அண்ணை இது?"

"குளிக்குது."

"ஆர்?"

"மான். மெல்லக் கதையுங்கோ தம்பி. நாளைக்கு மத்தியானம்தான் எழும்பும்."

சூவீட் என்ற சமையல் முறை அப்படித்தான் எனக்கு அறிமுகமானது. பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்ததாம். கொதிக்காத, ஒரே சூட்டில் நிற்கிற தண்ணீரில் இறைச்சியை ஒரு நாள், சில வேளை அதற்கு மேலும், கிடக்கவிடுவது. "காட்டு இறைச்சியிலை கொழுப்பே இல்லைத் தம்பி. சூடு கூடினால் பிழிஞ்ச துணி மாதிரிப் போயிடும். ஐம்பத்தெட்டு டிகிரி. அவ்வளவுதான் அது தாங்கும்," என்றார். மான் அவரிடம் நேரில் வந்து முறையிட்டதுபோல இருந்தது அவர் சொன்ன விதம்.

அவர் வீடுகளைச் சூடாக்கும் ஃபேர்னஸ்களைத் திருத்துகிறவர். பகல் முழுக்க மற்றவர்களுடைய வீட்டுச் சூட்டை அளந்துவிட்டு, பின்னேரம் வந்து தன் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் அளப்பார். சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் ஊசித் தெர்மோமீட்டர் ஒன்று வைத்திருந்தார். ஒரு கலியாண வீட்டில் வடையைக் கடிக்கும் முன்னர் அதற்குள் அந்த ஊசியைச் செருகி, "நாப்பத்தொண்டு. ஆறிப்போச்சு," என்று பந்தி முழுக்கக் கேட்கச் சொன்னார். பக்கத்தில் இருந்த பெரியவர், எல்லாரும் இவரை டிகிரி என்று கூப்பிடுவதைக் கேட்டு, படித்த மனிதர் என்று நினைத்துவிட்டார்.

"தம்பி என்ன டிகிரி?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"செல்சியஸ்," என்றார் அண்ணை.

அவரோடு வேலை செய்த பீற்றர் என்ற வெள்ளைக்காரர் வேட்டைக்காரர். ஒவ்வொரு இலையுதிர் காலமும் வடக்கே போய் மான் சுட்டு வருவார். அதில் ஒரு தொடை டிகிரி அண்ணைக்கு அன்பளிப்பாக வரும். அது வந்ததும் வீட்டில் ஒருபக்கம் கொண்டாட்டம், மறுபக்கம் போர். போருக்குக் காரணம் அண்ணையின் சகலன்.

ராணி அக்காவின் தமக்கை கலா அக்கா. அவருடைய கணவரை நாங்கள் முல்லை அண்ணை என்போம், முல்லைத்தீவு ஆள் என்பதால். பக்கத்து நகரமான மார்க்கத்தில் இருந்தார், பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். காட்டு இறைச்சி விஷயத்தில் இந்த நாட்டில் தனக்கு மட்டும்தான் வாய் திறக்க உரிமை உண்டு என்பது அவருடைய கட்சி. இளந்தாரியாக இருந்தபோது மரையும் பன்றியும் தின்று வளர்ந்தவர். மஞ்சள் போட்டுக் கழுவி, வறுத்த தூளும் வாசனைச் சரக்கும் பிரட்டி, மண்சட்டியில் விறகு நெருப்பில் வற்ற வற்றக் காய்ச்சினால்தான் அவருக்கு அது இறைச்சி.

"சூ வீடோ?" என்பார். "பேரைக் கேட்டாலே சின்னப் பிள்ளையளை அவசரமாக் கூட்டிக்கொண்டு போற இடம் மாதிரிக் கிடக்கு."

"அண்ணை, நீங்கள் சமைக்கேல்லை. தகனம் செய்யிறியள்," என்பார் டிகிரி அண்ணை.

"இறைச்சி எண்டால் பல்லுக்கு வேலை இருக்க வேணும். உன்ரை ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை நீயே தின்."

இப்படியே ஆளுக்காள் சொல் எறிந்து, பிறகு ஒன்றாக இருந்து ஒரு போத்தலைத் திறந்து, கடைசியில் பழைய பாட்டுப் பாடிப் பிரிவார்கள். ஆனால் அடுத்த வருடம் கலா அக்காவின் பிறந்தநாளில் விஷயம் எல்லை தாண்டிவிட்டது. தங்களுக்கு வந்த பங்கில் முல்லை அண்ணை அரைநாள் நின்று வைத்த மான் பிரட்டல், மண்சட்டியோடு மேசையில் நடுநாயகமாக இருந்தது. விருந்தினர் சாப்பாட்டுக் கோப்பையோடு வரிசையில் நிற்க, டிகிரி அண்ணை முன்னால் போய்ச் சட்டிக்குள் ஊசியைக் குத்தினார்.

"தொண்ணூற்றாறு!" என்றார். "செத்த மிருகத்தை மனிசன் இரண்டாம் தரம் கொலை செய்திருக்கிறார்!"

எல்லாரும் சிரித்தார்கள். முல்லை அண்ணை சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்ரை சட்டிக்குள்ள ஊசி குத்தினவன் இனி என்ரை வாசலுக்கு வரப்படாது," என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அதோடு பேச்சு நின்றது. ஆண்கள் இருவரும் விறைத்துக்கொண்டு நிற்க, அடி விழுந்தது பெண்களுக்கு. வெள்ளிக்கிழமைகளில் ஒன்றாகக் கோயிலுக்கும் பிறகு கடைக்கும் போகிற சகோதரிகள், இப்போது காரில் ஏற்ற ஆளில்லாமல் ஆளுக்கொரு வீட்டில் இருந்தார்கள். ராணி அக்கா எங்களுக்கு மேலே இருந்து தொலைபேசியில் தமக்கையோடு கதைக்கிற குரல் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போனது. ஒருநாள் படியில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் மனைவி போய்ப் பக்கத்தில் இருந்தாள்.

"ஒரு மானாலை என்ரை அக்கா இல்லாமல் போயிட்டா, பிள்ளை," என்றார் ராணி அக்கா.

அந்த நேரம் பார்த்துத்தான் பீற்றருக்குக் குலுக்கலில் மூஸ் சுடும் அனுமதி விழுந்தது. மூஸ் என்பது மான் குடும்பத்து யானை. அது வந்து சேர்ந்தபோது இறைச்சி ஒரு வீட்டுக்கு அடங்காது என்று தெரிந்தது. ராணி அக்கா கணவரைக் கேட்காமலே ஒரு பங்கை மார்க்கத்துக்கு அனுப்பிவிட்டு, இரண்டு பேருக்கும் ஒரே உத்தரவு போட்டார்.

"வாற சனிக்கிழமை ரெண்டு பேரும் இஞ்சை வைச்சுச் சமையுங்கோ. ஆற்ரை நல்லம் எண்டு கீழ்வீட்டுத் தம்பி சொல்லட்டும். அதுக்குப் பிறகு இந்தக் கதை இந்த வீட்டிலை எடுக்கப்படாது."

கீழ்வீட்டுத் தம்பி நான்தான். என் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டிகிரி அண்ணை வெல்ல வேணும். இல்லாட்டி எங்கட பக்கம் சூட்டைக் குறைச்சுப் போடுவார்," என்றாள். நீதித்துறைக்கு வருகிற அழுத்தம் என்னவென்று அன்று விளங்கியது.

வியாழக்கிழமையே மூஸ் குளிக்க இறங்கிவிட்டது. சனிக்கிழமை விடிந்தபோது, மழையாக விழுந்து தரையில் கண்ணாடியாக உறைகிற அந்தப் பொல்லாத மழை பெய்துகொண்டிருந்தது. மரக்கிளைகள் பாரம் தாங்காமல் முறிந்தன. எங்கோ கம்பி அறுந்தது. தெரு முழுக்க மின்சாரம் போய்விட்டது.

உறுமிக்கொண்டிருந்த மெசின் நின்றது. அந்த வீட்டில் அதுவரை நான் கேட்டிராத அமைதி. நான் உடுப்புத் தோய்க்கும் அறைக் கதவைத் திறந்தபோது, டிகிரி அண்ணை வெறும் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய குளிர்கால ஜாக்கெட்டை ஐஸ் பெட்டி போட்டிருந்தது. அதற்கு மேல் ராணி அக்காவின் சால்வை, அதற்கு மேல் படுக்கைப் போர்வை.

"ஐம்பத்தேழுக்கு வந்திட்டுது தம்பி," என்றார். வீட்டு அடுப்பும் மின்சார அடுப்புத்தான். ஊரெல்லாம் சூடு கொடுத்த மனிதருக்கு ஒரு கேத்தில் வெந்நீர் வைக்க வழியில்லை.

அப்போதுதான் முல்லை அண்ணையின் கார் தெருவில் சறுக்கிச் சறுக்கி வந்து நின்றது. கலா அக்கா மடியில் மண்சட்டி. முல்லை அண்ணை யாரையும் பாராமல் கராஜ் கதவைக் கையால் தூக்கித் திறந்து, வாசலில் காரிலிருந்து இறக்கிய இரும்பு அடுப்பை வைத்து, மேப்பிள் விறகை மூட்டி, சட்டியை ஏற்றினார். தாளித்த வாசம் எழும்பியது. பிறகு உள்ளே வந்து பெட்டியைப் பார்த்தார்.

"என்ன, உன்ரை மாட்டுக்குக் குளிர்க் காய்ச்சலோ?"

டிகிரி அண்ணை போர்வையின் ஓரத்தைப் பெட்டியோடு இன்னும் இறுக்கிச் செருகினார். பிறகு ஊசியைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார். முல்லை அண்ணையும் எட்டி அந்த எண்ணைப் பார்த்தார். திரும்பிப் போனார். அடுப்பிலிருந்து தன் சட்டியை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, அந்த இடத்தில் பெரிய கேத்திலை ஏற்றினார்.

"எத்தினை டிகிரி வேணும்?" என்று அங்கிருந்தபடியே கேட்டார்.

பிறகு நடந்ததை நான் கண்ணால் கண்டிராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். டிகிரி அண்ணை கேத்திலோடு கராஜுக்கும் அறைக்கும் ஓட, முல்லை அண்ணை பெட்டிக்குப் பக்கத்தில் தெர்மோமீட்டரோடு குந்திவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு அதில் பித்துப் பிடித்துவிட்டது.

"ஐம்பத்தாறு! டேய், ஐம்பத்தாறு! கெதியா ஊத்து! போதும், போதும், நிப்பாட்டு! ஐம்பத்தொன்பதுக்குப் போயிட்டுது, கோதாரி பிடிச்சது!"

"கொஞ்சம் பச்சைத்தண்ணி விடுங்கோ அண்ணை."

"எனக்குத் தெரியும், நீ பேசாமல் இரு!"

சகோதரிகள் இருவரும் அறை வாசலில் நின்று இதைப் பார்த்தார்கள். கலா அக்கா வாயைப் பொத்திச் சிரித்தார். ராணி அக்கா சிரிக்கவில்லை.

"இந்த மனிசன் ஏன் இப்பிடி எண்டு தெரியுமே?" என்று எங்களைக் கேட்டார். "நான் கனடாவுக்கு வந்த முதல் குளிர். எனக்கெண்டு எங்கையோ மான் இறைச்சி வாங்கி, தானே கறி வைச்சார். கல்லு மாதிரி. முதல் கடியிலையே என்ரை கடவாய்ப் பல்லு வெடிச்சுப் போச்சு. புதுப் பொம்பிளை நான். சொன்னால் கவலைப்படுவார் எண்டு நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு எண்டு விழுங்கிப்போட்டன். அடுத்த நாள் கன்னம் வீங்கின பிறகுதான் ஆளுக்குத் தெரியும். குந்தியிருந்து அழுதவர். அண்டைக்குப் பிடிச்ச விசர்தான் இது."

கலா அக்காவின் சிரிப்பு நின்றது. நான் திரும்பிப் பெட்டிப் பக்கம் பார்த்தேன். டிகிரி அண்ணை மூச்சு வாங்க வாங்க வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

இடையில் முல்லை அண்ணை ஒருமுறை ஓடிப்போய்த் தன் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்தார். வந்தவர் ஊசியைப் பார்க்கத் தொடங்கியதும் சட்டியை மறந்தார். விறகு நெருப்பின் வீரருக்கு, தெர்மோமீட்டர் பார்த்த கவனத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கறி அடிப்பிடித்தது. மணம் வந்து ஓடியபோது பாதிச் சட்டி கரி.

மத்தியானம் எல்லாரும் கோட்டும் தொப்பியுமாகக் கராஜில் அடுப்பைச் சுற்றி இருந்தோம். பீற்றரும் வந்து சேர்ந்தார். பையை வெட்டி மூஸை எடுத்தார்கள். மெத்தென்று இருந்தது, ஆனால் நனைந்த கடதாசி மட்டை நிறம். மறுபக்கம் சட்டியில் கருகியது போக மிஞ்சிய குழம்பு. பெண்கள் யாரிடமும் கேட்கவில்லை. இறைச்சியைத் துண்டு துண்டாக வெட்டி, குழம்பில் போட்டுப் பிரட்டி, பாண் துண்டுகளோடு ஆளுக்கொரு கோப்பை நீட்டினார்கள். எல்லாரும் வழித்து வழித்துச் சாப்பிட்டோம்.

முல்லை அண்ணைதான் முதலில் வாய் திறந்தார். பீற்றரைப் பார்த்து, இத்தனை வருடம் வேட்டையாடுகிற நீ சொல்லு, மூஸை எப்படிச் சமைப்பதுதான் சரி என்று ஆங்கிலத்தில் கேட்டார். பீற்றர் சங்கடப்பட்டுத் தொப்பியைக் கழற்றினார். தனக்கு வேட்டைக்குப் போகத்தான் பிடிக்கும், இறைச்சியின் வாசம் ஒத்துவராது, வீட்டில் கோழிதான் சாப்பிடுவது என்றார். அதனால்தான் ஒவ்வொரு வருடமும் கொடுத்துவிடுகிறாராம்.

டிகிரி அண்ணையும் முல்லை அண்ணையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரிக்கத் தொடங்கினார்கள். முல்லை அண்ணைக்குப் பாண் புரையேற, டிகிரி அண்ணை முதுகில் தட்டினார்.

எனக்கு என் கடமை நினைவு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இனித் தீர்ப்பு..." என்று தொடங்கினேன்.

"தம்பி, நீங்கள் பேசாமச் சாப்பிடுங்கோ," என்றார் கலா அக்கா.

அடுத்த வெள்ளிக்கிழமை மார்க்கத்திலிருந்து கார் வந்து ராணி அக்காவை ஏற்றிக்கொண்டு போனது. முல்லை அண்ணை தெர்மோமீட்டர் ஒன்று வாங்கிவிட்டார் என்ற வதந்தியும் வந்தது. கேட்டால், "காய்ச்சல் பாக்க," என்பார்.

பிறகு எங்களுக்குப் பிள்ளை பிறந்தது, பேஸ்மென்ட் போதாமல் போனது, சொந்த வீடு பார்க்கத் தொடங்கினோம். வீட்டு முகவர் தூரத் தூர இடங்களில் பெரிய பெரிய வீடுகள் காட்டினார். நானும் மனைவியும் ஒவ்வொன்றையும் தட்டிக் கழித்து, கடைசியில் இரண்டு தெரு தள்ளி, கூரை ஒழுகுகிற சின்ன வீடு ஒன்றுக்குச் சம்மதித்தோம். ஏன் இது என்று அந்த மனிதர் தலையைச் சொறிந்தார். பள்ளிக்கூடம் கிட்ட, பஸ் கிட்ட என்று ஏதேதோ சொல்லிச் சமாளித்தோம். டிகிரி அண்ணை வீட்டுக்கு நடந்தே போகலாம் என்று சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருந்தது.